ஹோல்ட்ல இருக்கோம்

அஸ்ரினுக்குச் சம்பளம் கொடுப்பதே அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் என்று ஸ்ரீலேகா கேலி செய்வாள். "ஒரு நிமிஷம் ஹோல்ட்ல இருங்க சார், ஒரு நிமிஷம் ஹோல்ட்ல இருங்க மேடம்! காலம்பற உங்கம்மா தட்டி எழுப்பினாக்கூட, ஹோல்ட்ல இருங்க மேடம்னுதான் சொல்லுவே நீ."

அதில் பொய்யும் இல்லை. மும்பை செம்பூரில் இருக்கும் ஒரு வங்கியின் கஸ்டமர் கேர் அலுவலகம் அது. கூடம் முழுக்க ஹிந்தியும் மராத்தியுமாக இரைந்துகொண்டிருக்கும். ஜன்னலோரமாகத் தமிழ் பேசும் வாடிக்கையாளர்களுக்கென்று நாலைந்து நாற்காலிகள். அதில் ஒன்று அஸ்ரினுடையது, பக்கத்து நாற்காலி ஸ்ரீலேகாவுடையது. ஸ்ரீலேகா மாட்டுங்காக்காரி. அஸ்ரின் தாராவி. வாப்பா முகம்மது ஹனீப் மேலப்பாளையத்திலிருந்து வந்து தாராவியில் தோல் பை செய்யும் பட்டறை வைத்து, கீழே பட்டறையும் மேலே வீடுமாகக் காலூன்றியவர்.

வேலைக்குச் சேர்ந்தபோது பயிற்சியில் ஒரு ஹோல்ட்தான் சொல்லிக் கொடுத்தார்கள். பதில் தெரியவில்லையா, வாடிக்கையாளரை ஹோல்டில் போடு, கேட்டுத் தெரிந்துகொண்டு திரும்பி வா, 'காத்திருந்ததற்கு நன்றி' என்று சொல். நாற்காலியில் உட்கார்ந்த சில வாரங்களிலேயே பயிற்சியில் சொல்லாத இன்னொரு ஹோல்டும் அவளுக்குப் பழகிவிட்டது. அது பதிலே இல்லாத கேள்விகளுக்கானது. இல்லை என்று வாய்விட்டுச் சொல்ல மனசு வராதபோது பட்டனைத் தட்டிச் சங்கீதத்தை ஓடவிட வேண்டியதுதான். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, அலுத்துப்போய், அவர்களாகவே வைத்துவிடுவார்கள்.

அதனால்தான் அந்தப் புதன்கிழமை மத்தியானம், டப்பாவைத் திறந்து முதல் வாய் எடுக்கப் போனவள், போனைப் பார்த்ததும் அப்படியே கையை இறக்கிவிட்டாள்.

பைசான் கப்பலில் வேலை பார்க்கிறவன். அவள் தோழி ஹாஃபிஸாவின் அண்ணன். திங்கட்கிழமையே அஸ்ரின் அவனுக்கு எழுதியிருந்தாள். "கோவண்டியிலேருந்து பொண்ணு கேட்டு வந்திருக்காங்க. வெள்ளிக்கிழமை வாப்பா பதில் சொல்லணும். நான் என்ன சொல்ல?" இரண்டு நாளாக அதில் ஒற்றை டிக்தான் நின்றது. நடுக்கடலில் அது சகஜம். இப்போது இரண்டாவது டிக் விழுந்தது, அடுத்த நொடியே அவனிடமிருந்து ஒரு வரியும் வந்தது. வழக்கம்போலத் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டியிருந்தான்.

"ஹோல்ட்ல இருக்கோம். முடிஞ்சதும் சொல்றேன்."

அவ்வளவுதான்.

"என்னடி, குழம்புல உப்பில்லையா?" என்றாள் ஸ்ரீலேகா.

அஸ்ரின் போனை அவள் பக்கம் திருப்பினாள். அதைப் படித்த ஸ்ரீலேகாவின் முகத்திலிருந்த சிரிப்பும் காணாமல் போனது. அவளுக்கும் அதே வேலைதானே. அந்த வார்த்தைக்கு அவளுக்கும் அதே அர்த்தம்தானே.

"இப்படியா ஒருத்தன் பதில் சொல்லுவான்? நம்மையே ஹோல்ட்ல போட்டுட்டானே!" என்றாள்.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தும் அஸ்ரினுக்கு வெளியே பார்க்கத் தோன்றவில்லை. மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நினைவுதான் திரும்பத் திரும்ப வந்தது.

போன லீவில் ஹாஃபிஸாவோடு அவனும் அங்கே வந்திருந்தான். ஹாஃபிஸா சுடிதாருக்குத் துப்பட்டா பார்க்கிறேன் என்று வேண்டுமென்றே பக்கத்துக் கடையில் நேரத்தைக் கடத்த, இவர்கள் இருவரும் ஓட்டலில் ஆளுக்கொரு காபியை வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். பைசான் தாராவியில் பிறந்தவன். ஹிந்திப் பள்ளிக்கூடம், ஹிந்தி சிநேகிதர்கள். வீட்டில் மட்டும்தான் தமிழ். அந்தத் தமிழில் ஒரு கோணல் இருந்தது.

"நாம சிங்கப்பூர்ல இறங்கினோம். நாம ஊரெல்லாம் சுத்திப் பார்த்தோம். நாம..."

"ஒரு நிமிஷம்," என்றாள் அஸ்ரின். "நாமளா? நான் எப்ப சிங்கப்பூர் வந்தேன்?"

அவன் விழித்தான்.

"நாமன்னா அதுல நானும் உண்டு. நாங்கன்னா என்னை விட்டுட்டு, நீங்களும் உங்க கப்பல் ஆளுங்களும். நீங்க நாங்கன்னு சொல்லணும்."

"ரெண்டுக்கும் ஹம்தானே? ஹிந்தியில ஒண்ணேதான்."

"தமிழ்ல ரெண்டு."

அவன் காபியை ஒரு வாய் குடித்தான். கோப்பைக்கு மேலே கண் மட்டும் சிரித்தது. "அப்ப நான் தப்பாவே பேசிட்டுப் போறேனே. உனக்கென்ன நஷ்டம்?"

அவளுக்குக் காது வரைக்கும் சூடேறியது. ஒன்றும் நஷ்டமில்லை என்று அவனிடம் எப்படிச் சொல்வாள்?

கப்பல் ஏறுவதற்கு முந்தின நாள் அதே கிங்ஸ் சர்க்கிளில், பூங்காக் கம்பியோரம் நின்றுகொண்டு கேட்டான். "அடுத்த லீவுல உம்மாவ உங்க வீட்டுக்கு அனுப்பட்டுமா? யோசிச்சுச் சொல்லு. இந்தத் தடவை கரெக்டா சொல்லுறேன் பாரு, நாம." அவள் யோசிக்கவெல்லாம் இல்லை. தலையை ஆட்டினாள்.

ஆனால் அவள் திருத்தியதில் ஒன்று நடந்துவிட்டது. கடலிலிருந்து அவன் எழுதும் வரிகளில் அந்த இரண்டு வார்த்தைகளுமே வராமல் போயின. எது சரி, எது தப்பு என்று தடுமாறி, வம்பே வேண்டாமென்று இரண்டையும் விட்டுவிட்டானோ என்னவோ. 'சூயஸ் தாண்டிட்டோம்.' 'இன்னிக்கு பிரியாணி செஞ்சோம்.' 'மழையில நனைஞ்சோம்.' எல்லாம் மொட்டையாக வரும். அந்த மொட்டைத் தலையில் அஸ்ரின் தன் கையாலேயே ஒரு வார்த்தையைச் சூட்டிப் படிப்பாள். நாம சூயஸ் தாண்டிட்டோம். நாம மழையில நனைஞ்சோம். யாருக்கும் தெரியாத அந்தச் சின்னத் திருட்டில் மாதங்கள் ஓடிப் போயின. படித்துப் படித்துப் பழகிவிட்டது.

அதே பழக்கத்தில்தான் இன்றைக்கும் படித்தாள். நாம ஹோல்ட்ல இருக்கோம்.

பஸ்ஸிலிருந்து இறங்கிப் பட்டறை வாசலுக்கு வந்தபோது வாப்பா போனில் பேசிக்கொண்டிருந்தார். மேஜைமேல் லேப்டாப் பைகள் வரிசையாகக் கிடந்தன. பசை தடவிய ஓரங்களின்மேல் இரும்புக் கட்டியைப் பாரம் வைத்திருந்தார்கள். தோல் வெட்டும் வெயிலுமுத்து கத்தியோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி பாய். சரி பாய். பரவாயில்ல பாய்," என்று போனை வைத்தார் வாப்பா. "வெயிலுமுத்து, அந்த பிரவுன் தோலை வெட்டாதேயும். ஆர்டர ஹோல்டுங்கான்."

"அப்ப தனியா எடுத்து வைக்கட்டுமா அண்ணாச்சி?"

"தனியா எதுக்குவே? வேற வேலைக்குப் போடும்."

அஸ்ரின் படியில் வைத்த காலை எடுத்தாள். "ஹோல்டுன்னா அப்புறம் கேப்பாங்கள்ல வாப்பா? வேண்டாம்னா சொன்னாங்க?"

வாப்பா சிரித்தார். "வேண்டாம்னு சொல்லுத தைரியம் மார்க்கெட்டுல எவனுக்கும்மா இருக்கு? நாளைக்கு மூஞ்சில முழிக்கணுமே! மரியாதைக்கு ஹோல்டும்பான். நாமளும் மரியாதைக்கு சரி பாய்னு சொல்லிட்டு அத மறந்துரணும். ஹோல்ட் போட்ட ஆர்டர் திரும்பி வந்து நான் பார்த்ததில்ல."

வெயிலுமுத்து இரும்புக் கட்டியை அமுக்கிவிட்டார். "எனக்குத் தெரிஞ்ச ஹோல்ட் இது ஒண்ணுதான் அண்ணாச்சி. பசை ஹோல்ட் ஆகுத வரைக்கும் பிரிச்சுப் பார்க்கப்படாது. அவசரப்பட்டுப் பிரிச்சா ரெண்டு பக்கமும் வீணாப் போவும்."

அவர் பையைப் பற்றிச் சொன்னார். அஸ்ரினுக்கு அது பையைப் பற்றியதாகப் படவில்லை. ஆனாலும் வங்கியில் ஒரு ஹோல்ட், மார்க்கெட்டில் ஒரு ஹோல்ட், இரண்டும் ஒரே பக்கம் சாட்சி சொல்லும்போது பசையின் பேச்சை யார் கேட்பது?

மேலே உம்மா ரஷீதா காத்திருந்தாள். "ஏளா, கோவண்டிக்கு என்ன சொல்ல? வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சதும் பேசுதேன்னு ஒங்க வாப்பா சொல்லிட்டு வந்திருக்காக. பையன் ஷகீலப் பத்திக் குறை சொல்ல என்ன இருக்கு? அவுக வீட்டுலயும் தோல் யாவாரந்தான், நம்ம சங்கதி எல்லாம் தெரிஞ்சவுக."

குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் கஷ்டம். ஒரு முறை பார்த்திருக்கிறாள். அமைதியான பையன். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் தம்ளரைத் தானே உள்ளே கொண்டுவந்து வைத்தான்.

"ஏன் முகம் இப்படி இருக்கு? வேற ஏதும் உண்டா?" உம்மா கிட்டே வந்து தாழ்ந்த குரலில் கேட்டாள்.

அன்றைக்குக் காலையில் கேட்டிருந்தால் உண்டு என்று சொல்லியிருப்பாள்.

"ஒண்ணுமில்ல உம்மா. வாப்பா இஷ்டம்," என்றாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. காலையிலிருந்து அழைப்புகள் ஓயவில்லை. அஸ்ரின் யாரையும் ஹோல்டில் போடவில்லை. தெரியாததைத் தெரியாது என்றே சொன்னாள், இல்லாததை இல்லை என்றாள். இரண்டு பேர் திட்டினார்கள். ஒருவர் மேலதிகாரியைக் கூப்பிடச் சொன்னார். ஸ்ரீலேகா ஓரக்கண்ணால் பார்த்தாள்.

மத்தியானம் ஒரு மணிக்கு மேல் ஒரு பெண் கூப்பிட்டாள். பேர் ஜெபா. மான்குர்த்திலிருந்து பேசினாள், பேச்சில் தூத்துக்குடி வாடை. புது ஏடிஎம் கார்டு வந்திருக்கிறது, அதற்கு ரகசிய நம்பர் போட வேண்டும், ஆனால் ஓடிபி கணவரின் போனுக்குப் போகிறது.

"உங்க கணவர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க மேடம், நான் காத்திருக்கிறேன்."

"அவரு ஹோல்ட்ல இருக்காரும்மா."

"எங்க கஸ்டமர் கேர்லயா? அவர் தனியா கூப்பிட்டிருக்காரா?"

"இல்லம்மா, அவரு ஹோல்ட்ல இருக்காரு."

"யார் ஹோல்ட்ல போட்டாங்க மேடம்?"

மறுமுனையில் ஒரு வெடிச்சிரிப்பு. "யாரும் போடலம்மா! அவரேதான் ஏணியப் பிடிச்சு இறங்கியிருக்காரு! கப்பல்ல ஹோல்டும்மா. சரக்கு கொட்டுவாங்கள்ல, அடியில, கெணறு மாதிரி, அது. எங்க வீட்டுக்காரரு கப்பல்ல போசன், மேல்தளத்து ஆளுகளுக்கு மேஸ்திரி மாதிரி."

அஸ்ரின் காதிலிருந்த ஹெட்செட்டை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தாள்.

"மேடம்... அந்த ஹோல்ட்ல போன் எடுக்காதா?"

"நாலு பக்கமும் இரும்பு, எங்கேருந்து எடுக்கும்? அதுவும் போன உள்ள கொண்டு போகவே மாட்டாங்க. அது பாட்டுக்கு கேபின்ல கெடக்கும். கப்பல்ல வைஃபை வந்தா, என்னிக்கோ அடிச்சு வச்ச மெசேஜ் அதுவா கெளம்பி வரும். நாம ஆசையா பதில் போட்டா ஒரு சத்தமும் இருக்காது."

அழைப்பு பதிவாகிக்கொண்டிருந்தது. கேட்கக் கூடாத கேள்வி. அஸ்ரின் கேட்டாள். "எவ்வளவு நாள் உள்ள இருப்பாங்க அக்கா?"

மேடம் அக்காவானதை ஜெபா கவனித்தாளோ என்னவோ, அவள் குரலும் இறங்கியது. "நிலக்கரி எறக்கின ஹோல்ட்ல கோதுமை ஏத்தணும்னா அம்புட்டையும் கழுவணும்மா. ஒரு பொட்டு கரி இருந்தாலும் துறைமுகத்துல ஏத்த விடமாட்டான். வெடியக்காலம் இறங்கினா இருட்டினப்புறம் ஏறி வருவாங்க. சாப்பிட்டாப் போதும், ஒடம்பு கட்டை மாதிரி விழுந்துரும். ஒரு வாரம், பத்து நாள் அப்படியே போயிரும். கல்யாணம் ஆன புதுசுல நான் எப்படி அழுவேன் தெரியுமா, என்னை மறந்துட்டாருன்னு?" சட்டென்று நிறுத்தினாள். "ஒனக்கும் கப்பல்ல யாரும் இருக்காங்களாம்மா?"

"அக்கா, உங்க கார்டு..." என்று இழுத்தாள் அஸ்ரின்.

"சரி, சரி. கார்டு அடுத்த வாரம் பார்த்துக்கிடலாம். என்னைய ஹோல்ட்ல போட்டுராத, என்ன?"

அழைப்பு முடிந்தது. அஸ்ரின் கண்ணை மூடிக்கொண்டு அந்த வரியை மறுபடி படித்துப் பார்த்தாள். மனப்பாடமாகத்தான் இருந்தது. ஹோல்ட்ல இருக்கோம். அவள் சூட்டியிருந்த வார்த்தையை முதல் முறையாக எடுத்துவிட்டு, மற்றதை வைத்துப் படித்தாள். நாங்க ஹோல்ட்ல இருக்கோம். முடிஞ்சதும் சொல்றேன்.

அப்படித்தான் இருக்க வேண்டுமென்று எந்தக் கட்டாயமும் இல்லை. இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம். ஒரே ஒரு சின்ன வார்த்தை நடுக்கடலில் எங்கோ விழுந்து கிடந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள். தாராவியில் இந்நேரம் தொழுகை முடிந்திருக்கும்.

"ஸ்ரீ, என் லைனைப் பார்த்துக்கோ."

"எங்கடி ஓடறே?"

"ஹோல்டுக்கு!" என்று சொல்லிவிட்டு மாடிப்படிக்கு ஓடினாள்.

வாப்பா போனை எடுக்க நேரமாயிற்று. பின்னால் பள்ளிவாசல் கூட்டத்தின் சத்தம். "செருப்பத் தேடிக்கிட்டு இருக்கேன்மா. என்ன விசயம்?"

"வாப்பா, கோவண்டிக்காரங்ககிட்ட பேசிட்டீங்களா?"

"இந்தா, எதிர்க்கதான் நிக்காக. டீ சாப்பிடப் போலாம்னு இருக்கோம். ஏன்?"

"வாப்பா..." வேண்டாம் என்ற வார்த்தையை வாப்பாவிடம் இதுவரைக்கும் அவள் சொன்னதில்லை. அது வரவில்லை. வந்தது வேறு. "ஹோல்ட் வாப்பா."

கூட்டத்தின் சத்தம் மெல்லக் குறைந்தது. வாப்பா ஒதுங்கி நடக்கிறார் என்று தெரிந்தது.

"எந்த ஹோல்டும்மா? ஒங்க பேங்க் ஹோல்டா, நம்ம மார்க்கெட் ஹோல்டா?"

"மார்க்கெட் ஹோல்ட்."

அவர் பெருமூச்சு விட்டது காதில் காற்றாக வந்தது. "வேற ஆர்டர் இருக்குன்னு சொல்லுத."

"ஆமா வாப்பா."

"யாரு?"

"ஹாஃபிஸாவோட அண்ணன்."

"கப்பல்காரனா! கன்ஃபர்ம் ஆர்டரா?"

இங்கேயாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "தெரியாது வாப்பா. கேட்டிருக்கேன். பதில் வரல."

"கன்ஃபர்ம் ஆகாத ஆர்டருக்காக, கையில வந்தத வேண்டாம்னு சொல்லச் சொல்லுத. ஒன்னய எவன்மா பேங்க்ல வேலைக்கு எடுத்தான்?" திட்டுகிற குரலில்தான் சொன்னார். ஆனால் உடனே போனை வைக்கவில்லை. "அந்தப் பய சின்னதுல நம்ம பட்டறையில வந்து ஜிப்பெல்லாம் இழுத்து இழுத்துப் பார்ப்பான். ஒண்ணக்கூட உடைச்சதில்ல." காலால் எதையோ துழாவும் சத்தம் கேட்டது. "சரி. செருப்பு கெடச்சிட்டு. நான் பேசிக்கிடுதேன்."

அன்று சாயங்காலம் வாப்பா வீட்டில் விவரம் எதுவும் சொல்லவில்லை. உம்மாதான் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டே முணுமுணுத்தாள். "ஒங்க வாப்பா ஹோல்ட்ல வைங்க பாய்னு சொன்னாகளாம். அவுகளும் சரி பாய், அல்லாஹ் நல்லத நாடுவான்னு சொல்லிட்டுத் தோளத் தட்டிட்டுப் போயிட்டாகளாம். நல்ல மனுசரு. ஒரே யாவாரத்துக்காரங்க, ஒரு வார்த்தையில முடிஞ்சு போச்சு." பிறகு மகளின் தட்டைப் பார்த்தாள். "நீ சாப்பிடு. ஒண்ணுமில்லன்னு சொன்ன பொய்யி!"

பைசானுக்கு அஸ்ரின் இரண்டே வார்த்தைகள் எழுதினாள். "நாமளா? நாங்களா?"

ஒற்றை டிக்.

சனிக்கிழமையும் ஒற்றை டிக். அவள் வேலைக்குப் போனாள், வந்தாள். ஏணி எப்படி இருக்கும், கிணறு மாதிரி என்றால் எவ்வளவு ஆழம், அங்கே கரித்தூசிக்குள் அவன் கண் எப்படி எரியும் என்று நினைத்துக்கொண்டாள். அவனோடு அவளும் இறங்கியிருப்பதாக நினைக்கப் பார்த்தாள். முடியவில்லை. அது 'நாங்க' இருக்கிற இடம். அவளுக்கு மேலே நிற்கத்தான் முடியும், உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு. ஒருவேளை அவன் சொன்னது அந்த ஹோல்டே இல்லையென்றால்? வாப்பா எதிரே உட்கார்ந்து டீ குடித்தார், எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருந்ததுதான் அதிகம் வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பட்டறைக்கு விடுமுறை. உம்மா சொன்னாள் என்று மேலே கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள் அஸ்ரின். இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. ஈரக்கையைத் துப்பட்டாவில் துடைத்தாள்.

"நாங்க."

அந்த ஒரு வார்த்தை. சின்ன வயதிலிருந்து அவளுக்குப் பிடிக்காத வார்த்தை. நாங்க விளையாடுறோம், நாங்க போறோம் என்று யார் சொன்னாலும் கதவு சாத்திக்கொள்கிற சத்தம் அதில் கேட்கும். இன்று அதைப் பார்த்ததும் கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

போன் விடாமல் அதிர்ந்தது.

"நாங்க நாங்க நாங்க. கப்பல் ஹோல்ட். கழுவி முடிச்சாச்சு."

"அது திங்கக்கிழமை அடிச்சது. அன்னிக்குப் போகவே இல்ல. நீ எழுதினத இப்பத்தான் பார்த்தேன். யா அல்லாஹ்."

"கோவண்டிக்கு என்ன சொன்ன?"

அவள் தட்டினாள். "ஹோல்டுன்னு சொல்லியாச்சு. மார்க்கெட் ஹோல்ட். வேண்டாம்னு அர்த்தம்."

அவள் இன்னும் நாலைந்து துணியைக் கொடியில் போட்டாள். பிறகு வந்தது.

"உம்மாகிட்ட பேசிட்டேன். லீவு வரைக்கும் எதுக்கு? இன்னிக்கு சாயங்காலமே உங்க வீட்டுக்கு வர்றாங்க. ஹாஃபிஸாவும்."

கீழே எட்டிப் பார்த்தாள். பட்டறை வாசலில் நாற்காலி போட்டு வாப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா," என்று கூப்பிட்டாள். அவர் தலையைத் தூக்கினார். "கன்ஃபர்ம்!"

வாப்பா பேப்பரை மடித்தார். மகளை நிமிர்ந்து பார்த்தார். "டெலிவரி எப்ப?" என்று கேட்டார்.

அதுதான் அவளுக்கும் தெரியாது. கோதுமை ஏற்ற வேண்டும், கொண்டுபோய் இறக்க வேண்டும், அதற்குப் பிறகு இன்னொரு துறைமுகம், மழைக்காலம் தாண்டித்தான் லீவு. அதுவரைக்கும் இன்னும் எத்தனையோ ஹோல்டுகள் அவன் இறங்கி ஏற வேண்டியிருக்கும். அதைக் கேட்கலாம் என்று போனைத் தூக்கியபோது இன்னொரு வரி வந்திருந்தது. வரிகூட இல்லை.

"நாம"

அடுத்து அவன் தட்டிக்கொண்டிருப்பதாக மூன்று புள்ளிகள் ஓடின. ஓடி, நின்றன. வைஃபை போயிருக்கும். அல்லது யாராவது வேலைக்குக் கூப்பிட்டிருப்பார்கள்.

அஸ்ரின் ஈரத்துணிகளுக்கு நடுவே நின்றுகொண்டு மீதிக்காகக் காத்திருந்தாள். இந்தத் தடவை அந்த வார்த்தையைச் சூட்டியது அவளில்லை.